அவள் கேட்பதற்கு ஒரு செயலி

என் மனைவிக்குப் பேச்சு போன பிறகுதான் நான் மறுபடியும் புரோகிராம் எழுத உட்கார்ந்தேன். அந்த வேலையே இனி வேண்டாம் என்று விட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்தன.

நான் பெரிய படிப்பு படித்தவன் இல்லை. பெரம்பலூரில் பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப்பிங்கும் கொஞ்சம் புரோகிராமும் கற்றுக்கொண்டேன். பிறகு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. கல்யாணப் பத்திரிகை டைப் செய்வது, ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது, இதுதான் பிழைப்பு. கடைக்கு வருகிறவர்களிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டேன். எனக்குக் கூச்சம் அதிகம். திரையைப் பார்த்தபடியே பதில் சொல்லலாம் என்பதால்தான் இந்தத் தொழில் எனக்குப் பிடித்துப்போனது என்று நினைக்கிறேன்.

வீட்டில் பேச்செல்லாம் அவளுடையது. தா.பழூரில் நெல் வயலுக்கு நடுவில் வளர்ந்தவள். மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற எங்கள் பக்கத்துக் கரிசலுக்குக் கட்டிக்கொடுத்ததைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கிண்டல் செய்வாள். உடையார்பாளையத்தில் அவளுடைய அக்கா இருக்கிறார். தினமும் காலையில் அடுப்பைப் பற்றவைக்கும்போது அக்காவிடமிருந்து போன் வரும். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, குழம்பு கொதித்து இறங்கும்வரை பேசுவாள். என்னதான் பேசிக்கொள்வார்கள் என்று நான் கவனித்ததில்லை. நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் காலை நான் கடைக்குக் கிளம்பும்போது டிபன் பாக்ஸை நீட்டி “இந்தாங்க” என்றாள். நான் வாங்குவதற்குள் அவள் கை கீழே இறங்கிவிட்டது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. திருச்சிக்குக் கொண்டுபோய் உயிரைக் காப்பாற்றிவிட்டோம். வலது கையும் காலும் விளங்காமல் போயின. நாம் பேசுவதெல்லாம் அவருக்குப் புரியும், பதில்தான் வெளியே வராது என்றார் டாக்டர். எதைச் சொல்ல வாயைத் திறந்தாலும் “இந்தாங்க” என்ற ஒரு வார்த்தைதான் வந்தது. வலித்தாலும் இந்தாங்க. நர்ஸைப் பார்த்து நன்றி சொல்ல நினைத்தாலும் இந்தாங்க. எழுதிக் காட்டலாம் என்றால் இடது கையில் எழுத்துகள் கூடி வரவில்லை.

வீட்டுக்கு வந்த புதிதில் அக்கா போன் செய்வார். நான் அவள் காதருகே பிடித்துக்கொள்வேன். அந்தப் பக்கம் அக்கா ஏதோ கேட்க, இந்தப் பக்கம் இவள் “இந்தாங்க, இந்தாங்க” என்பாள். அக்கா அழுதுகொண்டே வைத்துவிடுவார். பிறகு போன் வருவது குறைந்தது. பிறகு நின்றுபோனது. நான் அடுப்பைப் பற்றவைக்கும் நேரத்தில் அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து ஜன்னல் கட்டையில் இருக்கும் போனையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அதைப் பார்த்த ஒரு காலையில்தான், இவளுக்காகப் பேசுகிற ஒரு செயலியை நானே செய்தால் என்ன என்று தோன்றியது.

தொடங்குவதற்கு முன் பழைய தோல்விகளை நினைத்துப் பார்த்தேன். இரண்டு முறை விழுந்திருக்கிறேன். மூன்றாவது முறை அவள் விஷயத்தில் விழக்கூடாது.

முதல் முறை, அரியலூரில் ஒரு பாய் வைத்திருந்த வாடகைப் பாத்திரக் கடைக்காகச் செய்தது. விசேஷ வீடுகளுக்கு அண்டா, தேக்சா, ஜமுக்காளம், சேர் எல்லாம் வாடகைக்குப் போகும். எது எங்கே போனது, எது திரும்பவில்லை என்று தெரியாமல் தவிக்கிறார் என்று கேள்விப்பட்டு, நானாகவே போய்ச் செய்து தருகிறேன் என்றேன். எனக்கு அதுவே பெரிய தைரியம். கடையில் எப்போதும் நாலு பேர் நின்றுகொண்டிருப்பார்கள் என்பதால் மறுபடி அந்தப் பக்கம் போகவில்லை. வேண்டியதைப் போனில் கேட்டுக்கொண்டு வீட்டிலிருந்தே செய்தேன். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித்தனி இடம் விட்டு, பார்க்க அழகாக இருந்தது. பாய் கடைப் பையன்கள் அதில் ஊர்ப் பெயரை மட்டும் அடித்துவிட்டு மற்ற எல்லா இடத்தையும் காலியாக விட்டார்கள்.

ஏன் என்று கேட்கப் போனபோது பாய் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

“தம்பி, கோவிச்சுக்காதீங்க. ஐந்நூறு பேருக்கு பிரியாணின்னா வண்டியில என்னென்ன ஏறணும்னு பசங்களுக்கு மனப்பாடம். நாங்க ஆளக் கணக்கு வச்சுத்தான் பாத்திரத்த எடுப்போம். உங்க பொட்டி ஒவ்வொரு கரண்டியா கேக்குது. ஒரே ஒரு நாள் இங்க உக்காந்து பாத்திருந்தீங்கன்னா போதும், இன்ஷா அல்லா, பிரமாதமா பண்ணிருப்பீங்க.”

அவர் திட்டவில்லை. அதனாலேயே என்னால் ரொம்ப நாள் அந்தத் தெருவுக்குப் போக முடியவில்லை.

இரண்டாவது, ஸ்கூல் வேன் எங்கே வருகிறது என்று வீட்டிலிருந்தே பார்க்கிற செயலி. இதைத் தனியாகச் செய்யத் தெரியாமல், இன்ஜினியரிங் படித்த ஒருவரோடு சேர்ந்து செய்தேன். வேன் படம் திரையில் நகர்வதைப் பார்த்துக் குன்னம் பக்கத்து அம்மாக்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அவருக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. போன இடத்தில் அவர் வாடகை கட்டாமல் விட, அவர் பெயரில் எங்கோ எடுத்திருந்த சர்வரோடு எங்கள் செயலியும் ஒரு காலையில் நின்றது. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டில் நின்றவர்கள் எனக்குத்தான் போன் செய்தார்கள். நான் போனை அணைத்துவைத்துவிட்டேன். அதோடு சரி.

ஆகவே இந்த முறை ஒரு திட்டம் வைத்துக்கொண்டேன். கூட்டாளி கிடையாது. எல்லாம் அவள் போனுக்குள்ளேயே இருக்க வேண்டும், நெட் இல்லாவிட்டாலும் ஓட வேண்டும். எனக்குத் தெரிந்த சின்ன வழியில், கட்டங்களை இழுத்துப் பொருத்திச் செய்கிற எளிய முறையிலேயே செய்ய வேண்டும். பாய் சொன்னதை மட்டும் நான் கணக்கில் எடுக்கவில்லை. இத்தனை வருடமாகக் கூடவே இருக்கிற மனைவி, இவளைத் தனியாக உட்கார்ந்து பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

தண்ணீர், காபி, மாத்திரை, பாத்ரூம், ஃபேன், வலி. படம் போட்ட பெரிய பெரிய பொத்தான்கள். தொட்டால் போனில் இருக்கும் குரல் “எனக்குத் தண்ணீர் வேண்டும்” என்று சொல்லும். அவள் தண்ணீரைத் தொட்டாள். அது சொன்னது. வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தாள். நான் கடைக்குப் போகும் நேரத்தில் துணைக்கு இருக்கும் பக்கத்து வீட்டுப் பெண் வந்திருந்தாள். “என்னக்கா, நியூஸ் வாசிக்கிற மாதிரி தண்ணி கேக்குறீங்க” என்றாள். இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகு அவள் அதைத் தொடவே இல்லை. தண்ணீர் வேண்டுமானால் இடது கையால் டம்ளரைத் தூக்கிக் காட்டினாள். அதற்கு எதற்குப் போன்?

குரல்தான் சரியில்லை என்று நினைத்தேன். கோயம்புத்தூரில் இருக்கும் எங்கள் மகளிடம் சொன்னேன். அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் நம் பேச்சில் பேசிப் பதிவு செய்து அனுப்பினாள். “தண்ணி குடுங்க”, “ஃபேனப் போடுங்க”, “கால் வலிக்குது”. ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள். நான் அடுத்த அறையில் இருந்தால் என்னைக் கூப்பிடுவதற்கு “ஏங்க” என்று ஒரு பொத்தான் வைத்திருந்தேன்.

“அத நான் எப்புடிப்பா சொல்றது?” என்றாள்.

அதுவும் சரிதான். அப்பாவை அம்மா கூப்பிடுகிற வார்த்தை அது. பெற்ற மகள் அதை என்னிடம் எப்படிச் சொல்வாள்? யோசித்துவிட்டு அவளே ஒரு வழி சொன்னாள். அம்மா முன்பு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் எல்லாம் அவளிடம் இருந்தன. அவற்றில் ஒன்றில், சாம்பார் பொடியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நடுவில் திரும்பி “ஏங்க, அந்த அடுப்பக் கொஞ்சம் சின்னதாக்குங்க” என்று என்னிடம் சொன்னது பதிவாகியிருந்தது. அதிலிருந்து அந்த “ஏங்க”வை மட்டும் வெட்டி எடுத்தேன். கடையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சரி செய்தேன். வெளியே ஆதார் கார்டு ஜெராக்ஸுக்கு ஆள் நின்றதுகூடத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அவள் கையில் கொடுத்தேன். பொத்தானைத் தொட்டாள். அவள் குரல் வந்தது. கொஞ்ச நேரம் போனையே பார்த்தாள். மறுபடி தொட்டாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. அந்தப் பொத்தானை எடுத்துவிட்டேன். என்னைக் கூப்பிட வேண்டுமானால் இடது கை வளையலால் கட்டில் கம்பியைத் தட்டுவாள்.

இந்த நேரத்தில் தா.பழூரில் அவளுடைய தம்பி மகளுக்குக் கல்யாணம் வந்தது. தூக்கி வளர்த்த பெண். நோய் வருவதற்கு முன்பு, பெண் பார்க்க வந்தபோதே முகூர்த்தப் புடவைக்கு என்ன நிறம் எடுக்க வேண்டும் என்று இவள் முடிவு செய்து வைத்திருந்தாள். காரில் கூட்டிப்போய்விடலாம் என்று நான் சொன்னேன். அவள் தலையை அசைத்து மறுத்தாள். வாய் கோணிய முகத்தோடு மேடையில் நிற்க அவளுக்கு மனமில்லை. என்னைக் கையால் தள்ளாத குறையாகத் தனியாக அனுப்பிவைத்தாள். பக்கத்து வீட்டுப் பெண் துணைக்கு இருந்தாள்.

நான் போனேன். மண்டபத்தில் கடைசி வரிசையில் ஒரு சேரில் உட்கார்ந்தேன். தாலி கட்டினார்கள். பந்தியில் சாப்பிட்டேன். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து பஸ் பெரம்பலூர் வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிட்டது. அவள் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சட்டையைக் கழற்றிக்கொண்டே “நல்லா நடந்துச்சு” என்றேன். அவள் காத்திருந்தாள். “சாப்பாடும் நல்லாருந்துச்சு” என்றேன்.

அவள் இன்னும் காத்திருந்தாள். நான் கைகால் கழுவப் போனேன். திரும்பி வந்தபோது போன் சுவரோரம் கிடந்தது. அவள் எறிந்திருக்கிறாள். “இந்தாங்க, இந்தாங்க, இந்தாங்க” என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். நான் தண்ணீரா, வலியா, பாத்ரூமா என்று கேட்டேன். ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்கக் கோபம் ஏறியது. கடைசியில் பக்கத்து வீட்டுப் பெண்தான் வந்து சொன்னாள்.

“அண்ணே, அக்கா காலையிலேருந்து கல்யாணக் கதைக்குக் காத்துக்கிட்டு இருக்கு. என்ன பொடவ, யாரு யாரு வந்தாங்க, பொண்ணு அழுதுச்சா இல்லயா... நீங்க என்னடான்னா தண்ணி வேணுமாங்குறீங்க.”

அன்றைக்குப் படுத்துக்கொண்டு யோசித்தபோது, இத்தனை வருடத்தில் அவள் “எனக்கு வேண்டும்” என்று எதையும் சொல்லி நான் கேட்டதில்லை என்பது நினைவுக்கு வந்தது. அவள் பேச்சு முழுக்கக் கேள்விதான். சாப்பிட்டீங்களா. யாரு வந்தா. எதுக்கு அவுங்க அப்புடிச் சொன்னாங்க. அப்பறம். தினமும் காலையில் அக்காவிடம் போனில் கேட்டதும் அதுதான். பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்து இத்தனை வருடம் என் காதில் விழுந்தது அதுதான். நான் அவளுக்கு ஒரு நோயாளியின் பொத்தான்களைச் செய்து கொடுத்திருந்தேன்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன். நாலே பொத்தான். யாரு, எங்க, எதுக்கு, அப்பறம். படம் எதுவும் போடவில்லை, நாலுக்கும் நாலு நிறம். மகளிடம் கேட்டபோது இவற்றை அவள் உடனே பேசி அனுப்பினாள். “இது அம்மா மாதிரியே இருக்குப்பா” என்று கடைசியில் சேர்த்துச் சொன்னாள். நிறங்களை என் மனைவி ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் கேட்டால் பதில் வேண்டுமே. கல்யாணத்தைப் பற்றி என்னிடம் இருந்தது சாப்பாடு மட்டும்தான். கடையைப் பூட்டிவிட்டு மறுபடி தா.பழூருக்குப் பஸ் ஏறினேன். அரியலூரில் பாய் கடை இருந்த பக்கம் பஸ் திரும்பியபோது, இந்த முறை உட்கார்ந்து கேட்கத்தான் போகிறேன் பாய் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

என் மைத்துனன் மனைவி என்னைப் பார்த்துப் பயந்துவிட்டாள். அண்ணிக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று நினைத்தாளாம். அதெல்லாம் ஒன்றுமில்லை என்றேன். பொண்ணு என்ன புடவை கட்டியது என்று கேட்டேன்.

“ஏண்ணே, மூணாவது வரிசையில எடம் இருக்கு வாங்கன்னு கூப்பிட்டப்ப வராம, இப்ப வந்து பொடவயக் கேக்குறீங்க?” என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள். அண்ணி சொன்ன அரக்கு நிறம்தான் எடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் தாலிக்கொடியை வேனிலேயே மறந்துவிட்டு, பிறகு எடுத்துவர ஓடியதைச் சொன்னாள். மாப்பிள்ளையின் பெரியம்மா பாயசம் தண்ணீராக இருக்கிறது என்று முகத்தைத் தூக்கிக்கொண்டதைச் சொன்னாள். பெண் காரில் ஏறும்வரை அழாமல் இருந்துவிட்டு, கார் கதவைச் சாத்தியதும் அழுததைச் சொன்னாள். நான் நடுநடுவே அப்பறம் என்று கேட்டேன். நான் அப்படிக் கேட்டுப் பழக்கம் இல்லாததால் ஒவ்வொரு முறையும் அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

மறுநாள் மத்தியானம் கடைக்குப் போகாமல் கட்டிலுக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குக் கதை சொல்ல வராது. முன்பின்னாகச் சொன்னேன். அவள் “யாரு?” என்று தொட்டாள், சொன்னேன். “எங்க?” என்று தொட்டாள், சொன்னேன். பாயசச் சண்டையில் “எதுக்கு?” என்று தொட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் தானே சிரித்தாள். அரக்கு நிறம்தான் எடுத்தார்கள் என்றபோது கண்ணை மூடித் திறந்தாள். நோய் வந்த பிறகு அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

கார் கதவு சாத்தியதோடு கதை முடிந்தது. அவள் “யாரு?” என்றாள். வந்தவர்களை எல்லாம் மறுபடி சொன்னேன். “யாரு?” என்று மறுபடி தொட்டாள். விட்டுப்போனவர்களை யோசித்துச் சொன்னேன். அவள் தலையை அசைத்தாள். இடது கையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். பிறகு மறுபடி “யாரு?”

“உன்னய யாரு கேட்டாங்கன்னா?”

ஆமாம் என்று தலையசைத்தாள்.

பொய் சொல்லியிருக்கலாம். எல்லோரும் கேட்டார்கள் என்றால் அவள் நம்பியிருக்கவும்கூடும். ஆனால் என் முகம் அவளுக்குத் தெரியும். மண்டப வாசலில் பூக் கட்டிக்கொண்டிருந்த அம்மா கேட்டது, “ஒங்க வூட்டம்மா வரலீங்களா” என்று. இவளோடு பள்ளியில் படித்த ஒருத்தி கேட்டாள். வாழ்த்த மேடையேறியபோது கல்யாணப் பெண் என்னைப் பார்த்து “அத்த எப்புடி இருக்காங்க மாமா” என்றாள். மூன்றையும் சொன்னேன். அவற்றை அவள் மெதுவாக வாங்கிக்கொண்டாள். பிறகு மறுபடி அதே பொத்தானைத் தொட்டுவிட்டு என் வாயையே பார்த்தாள்.

யாரைப் பற்றிக் கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. உடையார்பாளையத்து அக்கா கல்யாணத்துக்கு வந்திருந்தார். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை அவருடையது. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். அப்பளம் இன்னொன்று போடச் சொன்னார். கை கழுவப் போனார். தங்கச்சியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாகச் சொல்லியிருக்கலாம். நானும் இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

“அக்கா கேக்கல” என்றேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. போனைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு “எதுக்கு?” என்று தொட்டாள். எங்கள் மகளின் குரலில் அது அறைக்குள் கேட்டது.

“தெரியல” என்றேன். “நேர்ல போயி கேட்டுட்டு வரேன்” என்றும் சொன்னேன்.

திருச்சியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணுக்கு இந்தச் செயலியைப் பற்றித் தெரிந்துவிட்டது. அவரிடம் வருகிற மற்றவர்களுக்கும் போட்டுக் கொடுக்க முடியுமா சார் என்று கேட்கிறார். இன்னும் வேலை முடியவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஊருக்கு ஊர் கேள்விகள் மாறும், அதற்கு ஒவ்வொரு வீட்டிலும் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று திட்டம் எல்லாம் மனதில் இருக்கிறது. அதற்கு முன்னால் உடையார்பாளையம் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டு என் கடைக்கு எதிரில்தான். அந்த ஊர்ப் பஸ்ஸைக் கண்டக்டர் கூவி அழைப்பது தினமும் காதில் விழுகிறது. அக்காவின் எதிரில் உட்கார்ந்து அதைக் கேட்பதை நினைத்ததும் நான் திரையின் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். பயத்தில்தான் அவர் கேட்காமல் இருந்திருப்பார், கேட்டால் அழுகை வந்துவிடும் என்று இருந்திருப்பார். அப்படித்தான் நான் நினைத்துக்கொள்கிறேன். ஆனால் நானாக நினைத்ததை, அக்கா சொன்ன பதில் என்று இவளிடம் சொல்ல முடியாது.

காலையில் நான் அடுப்பைப் பற்றவைக்கும்போது அவள் அந்த “எதுக்கு?” பொத்தானைத் தொடுகிறாள். “இன்னும் போகல” என்கிறேன். அவள் தலையசைத்துவிட்டுப் போனை மடியில் வைத்துக்கொள்கிறாள்.